ஃபேக்டர் ஊசியும் நம் வகுப்பறையும்

மேல்நிலை வகுப்பில் மரபியல் நடத்தும் ஆசிரியர்கள் எல்லாருக்கும் ஹீமோஃபிலியா பழகிய சொல். கரும்பலகையில் எக்ஸ், ஒய் என்று கட்டம் போடுவோம். கடத்துபவரான தாய், பாதிக்கப்பட்ட மகன் என்று விளக்குவோம். இங்கிலாந்து அரசி விக்டோரியாவின் குடும்பத்தைச் சான்று காட்டுவோம். மாணவர்களும் தேர்வில் நன்றாகவே எழுதிவிடுவார்கள்.

இந்தக் குறைபாடு உள்ள ஒரு குழந்தை நம் பள்ளியின் ஒன்றாம் வகுப்பில் வந்து உட்காரும்போது, அந்தக் கட்டம் மட்டும் போதாது. அக்குழந்தை ஊசி போட்டுக்கொண்டு பள்ளிக்கு வருகிறது. அந்த ஊசியில் என்ன இருக்கிறது, ஏன் வாரத்தில் இரண்டு மூன்று முறை தேவைப்படுகிறது, எப்போது உடனடியாகத் தேவைப்படும் என்பது வகுப்பாசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரிந்திருந்தால் அக்குழந்தையின் முழங்காலைக் காப்பாற்றலாம். சில வேளைகளில் உயிரையே காப்பாற்றலாம்.

ஹீமோஃபிலியா ஏ என்ற வகை ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது. ஹீமோஃபிலியா பி அதைவிட அரிது. ஏறத்தாழ 25,000 முதல் 30,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு. பணிக்காலம் முழுவதும் இப்படி ஒரு மாணவனைச் சந்திக்காத ஆசிரியர்கள் பலர் இருக்கலாம். ஆனால் அந்த மாணவனுக்கோ ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு புது ஆசிரியர். ஒவ்வொரு ஆண்டும் அவன் அம்மா முதலிலிருந்து சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சுமையைக் குறைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காயம் பட்டால் என்ன நடக்கிறது?

விரலில் சிறு வெட்டு விழுந்தால் முதலில் இரத்தக்குழாய் சுருங்குகிறது. அடுத்து இரத்தத் தட்டுகள் ஓடிவந்து ஒட்டிக்கொண்டு ஒரு தற்காலிக அடைப்பை உண்டாக்குகின்றன. வாய்க்கால் உடைப்பில் முதலில் மண்ணை அள்ளிப் போடுவது போன்றது இது. அந்த மண் நிற்க வேண்டுமானால் மேலே தழையும் முள்ளும் வைத்து மிதிக்க வேண்டும். உடலில் அந்த வேலையைச் செய்வது ஃபைப்ரின் என்ற நார்வலை.

இந்த வலை தானாக உருவாவதில்லை. பிளாஸ்மாவில் உறைதல் காரணிகள் என்ற புரதங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு எண்களால் பெயர் வைத்திருக்கிறார்கள். ஒரு காரணி அடுத்ததைத் தூண்ட, அது அதற்கடுத்ததைத் தூண்ட, இறுதியில் திராம்பின் உருவாகிறது. திராம்பின்தான் ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் வலையாக மாற்றுகிறது.

இந்தத் தொடரில் 9ஆம் காரணி, 10ஆம் காரணியைத் தூண்ட வேண்டும். 8ஆம் காரணி துணைக்கு நின்றால்தான் அது விரைவாக நடக்கும். 8 குறைவாக இருந்தால் அது ஹீமோஃபிலியா ஏ. 9 குறைவாக இருந்தால் ஹீமோஃபிலியா பி. எதில் குறை இருந்தாலும் தொடர் அதே இடத்தில்தான் தடைப்படுகிறது. ஆகவே இரண்டின் அறிகுறிகளும் ஒன்று போலவே இருக்கும். மருந்து மட்டும் வேறு. 8 குறைந்தவருக்கு 9ஐக் கொடுத்தால் பயனில்லை. எனவே மாணவனின் குறைபாடு எந்த வகை என்பது பள்ளிப் பதிவில் தெளிவாக இருக்க வேண்டும்.

இயல்பான அளவில் 1 விழுக்காட்டுக்கும் கீழே காரணி இருந்தால் கடுமையான வகை. 1 முதல் 5 விழுக்காடு வரை இருந்தால் நடுத்தரம். 5 முதல் 40 விழுக்காடு வரை லேசானது. லேசான வகையில் பல் பிடுங்கும்போதோ அறுவைச் சிகிச்சையின்போதோதான் குறைபாடு இருப்பதே தெரியவரும். கடுமையான வகையில் அடி எதுவும் படாமலே உடலுக்குள் இரத்தம் கசியும்.

நம்மில் பலர் நினைப்பதுபோல் இவர்களுக்கு இரத்தம் வேகமாகக் கொட்டுவதில்லை. நீண்ட நேரம் நிற்காமல் கசிகிறது. இரத்தத் தட்டுகள் இயல்பாக இருப்பதால் சிறு கீறலும் சிராய்ப்பும் அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் நின்றுவிடும். வெளியில் தெரியும் காயத்தைவிட, உள்ளே முழங்கால், கணுக்கால், முழங்கை மூட்டுகளில் ஏற்படும் கசிவுதான் பெரிய எதிரி. ஒரே மூட்டில் திரும்பத் திரும்பக் கசிந்தால் குருத்தெலும்பு அரிக்கப்படும். மூட்டு மடங்காமலோ நீளாமலோ போகும். பத்து வயதில் ஓடிய பிள்ளை இருபது வயதில் ஊன்றுகோலுடன் நடப்பதற்குக் காரணம், அந்தச் சிறு கசிவுகளுக்கு உரிய நேரத்தில் மருந்து கிடைக்காததே.

ஊசியில் இருப்பது என்ன?

இல்லாத காரணியை வெளியிலிருந்து கொடுப்பதுதான் சிகிச்சையின் அடிப்படை. இதை எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் இதை அடைய மருத்துவ உலகத்துக்கு நீண்ட காலம் பிடித்தது.

விக்டோரியா அரசியின் மகன் லியோபோல்டு 1884இல் கீழே விழுந்ததைத் தொடர்ந்து 30 வயதில் இறந்தார். அரசியின் கொள்ளுப்பேரனும் ரஷ்யப் பேரரசின் வாரிசுமான அலெக்ஸிக்கும் இதே குறைபாடு இருந்தது. அலெக்ஸியின் எலும்பு எச்சங்களில் செய்த டி.என்.ஏ. ஆய்வு, அது ஹீமோஃபிலியா பி என்று 2009இல் காட்டியது. உலகின் பெரிய அரண்மனைகளில் இருந்தவர்களுக்கும் அன்று மருந்து கிடையாது. இன்று நம் ஊர்க் கூலித் தொழிலாளியின் மகனுக்கு அந்த மருந்து இருக்கிறது. விக்டோரியா கதையை வகுப்பில் சொல்லும்போது இந்த இரண்டாம் பாதியையும் சேர்த்துச் சொன்னால் பாடம் முழுமை பெறும்.

முதலில் முழு இரத்தத்தையும் பிளாஸ்மாவையும் ஏற்றிப் பார்த்தார்கள். தேவையான காரணி கிடைக்க மிக அதிக அளவு ஏற்ற வேண்டியிருந்தது. 1964இல் ஜூடித் பூல் என்ற அமெரிக்க அறிவியலாளர், உறையவைத்த பிளாஸ்மாவை மெதுவாக இளகவிட்டால் அடியில் தங்கும் பகுதியில் 8ஆம் காரணி செறிந்திருப்பதைக் கண்டறிந்தார். கிரையோபிரெசிபிடேட் எனப்படும் அது சிகிச்சையை எளிதாக்கியது. பின்னர் பலருடைய பிளாஸ்மாவைச் சேர்த்துச் செறிவூட்டிய தூள் மருந்து வந்தது. வீட்டிலேயே ஊசி போட்டுக்கொள்ள முடிந்தது.

அந்த மகிழ்ச்சியில் ஒரு பேரிடியும் விழுந்தது. ஆயிரக்கணக்கானோரின் பிளாஸ்மாவைக் கலந்ததால், கொடையாளர்களில் ஒருவருக்கு நோய்த்தொற்று இருந்தாலும் அது மருந்தில் கலந்தது. 1980களில் பல நாடுகளில் ஹீமோஃபிலியா உள்ளவர்களில் பெரும் எண்ணிக்கையினர் இம்மருந்து வழியாகவே எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சித் தொற்றுகளுக்கு ஆளானார்கள். அதன்பின் கொடையாளர் பரிசோதனையும், வெப்பத்தாலும் வேதிப்பொருளாலும் கிருமிகளை அழிக்கும் முறைகளும் நடைமுறைக்கு வந்தன. 1984இல் 8ஆம் காரணியின் மரபணு பிரித்தெடுக்கப்பட்டது. மனித இரத்தத்திலிருந்து எடுக்காமல், ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களிலிருந்து தயாரித்த 8ஆம் காரணிக்கு 1992இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று இரு வகை மருந்துகளும் பயன்பாட்டில் உள்ளன.

எப்படிப் போடப்படுகிறது?

மருந்து சிறு கண்ணாடிக் குப்பியில் வெண்ணிறத் தூளாக இருக்கும். கூடவே கலப்பதற்கான நீரும் வரும். குளிர்பதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரி செல்சியஸில் வைப்பார்கள், உறையவிடக் கூடாது. போடுவதற்கு முன் அறை வெப்பநிலைக்குக் கொண்டுவந்து, நீரைச் சேர்த்து, குப்பியை மெல்லச் சுழற்றிக் கரைப்பார்கள். வேகமாகக் குலுக்கினால் நுரைத்துப் புரதம் கெடும். பிறகு மெல்லிய ஊசி வழியாகச் சிரைக்குள் மெதுவாகச் செலுத்துவார்கள்.

இது தசையில் போடும் ஊசி அல்ல. தசையில் போட்டால் அந்த ஊசியே உள்கசிவை உண்டாக்கும். பயிற்சி பெற்ற பெற்றோர் வீட்டிலேயே போடுகிறார்கள். வளரும் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு வயதுக்குமேல் தாங்களே போட்டுக்கொள்ளக் கற்கிறார்கள். ஆசிரியர் இந்த ஊசியைப் போட வேண்டியதில்லை, போடவும் கூடாது. தேவை எழுந்த நேரத்தில் அது கிடைக்கும் இடத்துக்குக் குழந்தையை அனுப்புவதே நம் பங்கு.

கணக்கு வகுப்புக்கு ஒரு கணக்கு

எவ்வளவு மருந்து என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார். ஆனால் அதற்கான கணக்கு, எட்டாம் வகுப்பு மாணவனுக்குப் புரியக்கூடிய விழுக்காட்டுக் கணக்கு.

உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1 அலகு 8ஆம் காரணி கொடுத்தால், இரத்தத்தில் அதன் அளவு ஏறத்தாழ 2 விழுக்காடு உயரும். 9ஆம் காரணியானால் ஏறத்தாழ 1 விழுக்காடு மட்டுமே உயரும்.

30 கிலோ எடையுள்ள மாணவனுக்கு முழங்கால் கசிவு. 8ஆம் காரணியை 40 விழுக்காடு உயர்த்த மருத்துவர் விரும்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். 30 x 40 = 1,200. அதை 2 ஆல் வகுத்தால் 600 அலகுகள். குப்பிகள் 250, 500, 1,000 அலகுகள் என்று வருவதால், ஒரு 500உம் ஒரு 250உம் எடுக்க வேண்டியிருக்கும். விலை உயர்ந்த மருந்து. திறந்த குப்பியில் மீதி வைப்பதில்லை. இதே மாணவனுக்கு ஹீமோஃபிலியா பி இருந்தால் 1,200 அலகுகள் தேவை.

அடுத்த கேள்வி, அது எவ்வளவு நேரம் நிற்கும் என்பது. இயற்பியலில் கதிரியக்கத்துக்குச் சொல்லும் அரை ஆயுட்காலம் இங்கும் பொருந்தும். சாதாரண 8ஆம் காரணிக்கு அது 8 முதல் 12 மணி நேரம். 9ஆம் காரணிக்கு 18 முதல் 24 மணி நேரம். 12 மணி நேரம் என்று கொண்டால், திங்கள் காலை 8 மணிக்கு 40 விழுக்காடு. இரவு 8 மணிக்கு 20. செவ்வாய் காலை 10. செவ்வாய் இரவு 5. புதன் காலை 2.5. புதன் இரவு 1.25. சிறு குழந்தைகளுக்கு இதைவிட விரைவாகக் குறையும்.

இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டால் இரண்டு செய்திகள் விளங்கும். ஒன்று, ஒருமுறை ஊசி போட்டால் குணமாகிவிடும் என்ற எண்ணம் தவறு. இரண்டு, அதே மாணவன் திங்கள் காலையில் இருப்பதும் புதன் காலையில் இருப்பதும் ஒன்றல்ல. அவனுடைய உடற்கல்வி வகுப்பு ஊசி போட்ட நாளில் அமைந்தால் நல்லது. கால அட்டவணை போடும் ஆசிரியர் நினைத்தால் ஒரு பாடவேளையை மாற்றி அவன் மூட்டைக் காக்க முடியும்.

கசிந்த பின்னா, கசியும் முன்னா?

சிகிச்சையில் இரண்டு முறைகள் உண்டு. கசிவு ஏற்பட்ட பிறகு போடுவது தேவைக்கேற்ற சிகிச்சை. கசிவே ஏற்படாமல் இருக்க ஒழுங்காக வாரத்துக்கு இரண்டு மூன்று முறை போடுவது முன்தடுப்புச் சிகிச்சை. மூட்டுகளைக் காப்பதில் இரண்டாவது முறையே சிறந்தது. நீண்ட நேரம் நிற்கும்படி மாற்றியமைத்த மருந்துகளும் இப்போது உள்ளன. குறிப்பாக 9ஆம் காரணியில் இது பெரிதும் பயன் தந்து, ஊசிகளின் எண்ணிக்கையைக் குறைத்திருக்கிறது.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காரணி மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. மருந்துக்குக் காசு இல்லை என்றாலும் பேருந்துச் செலவும் ஒரு நாள் கூலி இழப்பும் குடும்பத்துக்கு உண்டு. வாரத்தில் ஒரு நாள் தாமதமாக வரும் மாணவனின் வருகைப் பதிவைப் பார்க்கும்போது இதையும் நினைத்துக்கொள்வோம்.

ஊசி பலிக்காதபோது

சில குழந்தைகளின் உடல், வெளியிலிருந்து வரும் 8ஆம் காரணியை அந்நியப் பொருளாகக் கருதி அதற்கு எதிர்ப்பொருள்களை உண்டாக்கிவிடும். இவற்றை இன்ஹிபிட்டர் என்கிறார்கள். கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ளவர்களில் 30 விழுக்காடு வரை இது ஏற்படலாம். பி வகையில் 5 விழுக்காட்டுக்கும் குறைவு. இன்ஹிபிட்டர் வந்துவிட்டால் வழக்கமான அளவு பயன் தராது. அந்தப் படியைத் தாண்டிச் செயல்படும் வேறு மருந்துகள் தேவைப்படும்.

எமிசிசுமாப் என்ற மருந்துக்கு அமெரிக்காவில் முதன்முதலாக 2017இல் அனுமதி கிடைத்தது. இது காரணி அல்ல. 9ஐயும் 10ஐயும் இரு கைகளால் பிடித்துச் சேர்த்துவைக்கும் ஓர் எதிர்ப்பொருள். 8 செய்யும் வேலையை இது செய்கிறது. எனவே ஏ வகைக்கு மட்டுமே பயன்படும். தோலுக்கடியில் போடலாம், வாரம் ஒருமுறை, இரு வாரத்துக்கு ஒருமுறை, நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று அளவைப் பொறுத்துப் போடலாம். ஆனால் இது தடுப்பதற்கான மருந்து. திடீர்க் கசிவு ஏற்பட்டால் அதற்குரிய மருந்து தனியே தேவை.

மரபணுவையே திருத்தும் சிகிச்சையிலும் முன்னேற்றம் இருக்கிறது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் கடுமையான ஹீமோஃபிலியா ஏ உள்ள ஐந்து பேருக்கு, அவர்களுடைய குருதிக் குருத்தணுக்களிலேயே 8ஆம் காரணியின் மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்திய ஆய்வின் முடிவுகள் 2024 டிசம்பரில் வெளியாயின. நம் மாநிலத்தில் நடந்த ஆய்வு இது. மேல்நிலை மாணவர்களுக்கு உயிர்த்தொழில்நுட்பம் நடத்தும்போது இதைச் சொல்லலாம்.

வகுப்பறைச் செயல்பாடு: கைகோத்த சங்கிலி

இச்செயல்பாட்டுக்கு ஒரு பாடவேளை போதும். நான்கு மாணவர்களுக்கு 9, 10, திராம்பின், ஃபைப்ரின் என்று எழுதிய அட்டைகளைக் கொடுங்கள். மேலும் எட்டுப் பேருக்கு 8 என்ற அட்டை. 9ஐயும் 10ஐயும் கை எட்டாத தூரத்தில் நிறுத்துங்கள். 10, திராம்பின், ஃபைப்ரின் மூவரும் கைகோத்து நிற்கட்டும்.

முதல் சுற்று: 8 அட்டை வைத்திருக்கும் ஒருவர் 9க்கும் 10க்கும் இடையில் நின்று இருவர் கையையும் பிடிக்கிறார். 9 கையை அழுத்த, செய்தி கைமாறிப் போய் ஃபைப்ரின் கைதட்டுகிறார். இரத்தம் உறைந்தது.

இரண்டாம் சுற்று: 8 யாரும் இல்லை. 9 எவ்வளவு நீட்டினாலும் 10ஐத் தொட முடியவில்லை. இது ஹீமோஃபிலியா ஏ.

மூன்றாம் சுற்று: ஊசி போட்டாயிற்று. எட்டுப் பேரும் உள்ளே வருகிறார்கள். ஆசிரியர் விசில் ஊதும்போதெல்லாம் பாதிப் பேர் வெளியேறுகிறார்கள். 8, 4, 2, 1. அடுத்த ஊசி எப்போது என்று வகுப்பே சொல்லிவிடும்.

நான்காம் சுற்று: இருவர் இன்ஹிபிட்டராக வந்து 8ஐ ஓரமாக அழைத்துச் செல்கிறார்கள். வேறு நிற நாடா கட்டிய ஒருவர் வந்து 9ஐயும் 10ஐயும் இணைக்கிறார். இவர்தான் எமிசிசுமாப்.

தொடக்க வகுப்புகளில் இவ்வளவு வேண்டாம். முதல் மூன்று சுற்றுகளைப் பெயர் சொல்லாமல் விளையாட்டாகச் செய்தாலே "இவனுக்கு ஏன் ஊசி?" என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும். ஆனால் வகுப்பில் பாதிக்கப்பட்ட மாணவன் இருந்தால், அவனும் பெற்றோரும் இசைந்தால் மட்டுமே அவனைப் பற்றிப் பேச வேண்டும். ஏப்ரல் 17 உலக ஹீமோஃபிலியா நாள். அதையொட்டி இதைச் செய்யலாம்.

வலியை மறைக்கும் குழந்தை

நான் வகுப்பாசிரியராக இருந்த ஏழாம் வகுப்பில் இக்குறைபாடு உள்ள மாணவன் ஒருவன் படித்தான். காலை இழுத்து நடந்தாலும் "ஒண்ணுமில்ல டீச்சர்" என்பான். அவன் அம்மாவிடம் பேசியபோதுதான் காரணம் தெரிந்தது. "வலிக்குதுன்னு சொன்னா அப்பாவுக்கு அன்னிக்கு வேலை போயிடும்னு சொல்ல மாட்டேங்கிறான் டீச்சர்" என்றார்.

மூட்டில் கசிவு தொடங்கும்போது வீக்கம் உடனே தெரியாது. முதலில் உள்ளே சுறுசுறுவென்று ஓர் உணர்வு, சிறு வெப்பம், விறைப்பு. அதைக் குழந்தைதான் அறியும். அந்த நேரத்திலேயே ஊசி போட்டால் சீக்கிரம் சரியாகும். வீங்கிப் பழுத்த பிறகு போனால் அதிக மருந்தும் அதிக நாளும் பிடிக்கும். "சுறுசுறுன்னு இருந்தா என் மேசைக்கு வந்து தண்ணி கேளு, வேற எதுவும் சொல்ல வேண்டாம்" என்று அவனிடம் சொல்லிவைத்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் தண்ணீர் கேட்டான். அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னோம். மதியத்துக்குள் ஊசி போட்டாயிற்று. மூன்றாம் நாள் வகுப்பில் இருந்தான். அதற்கு முந்தைய பருவத்தில் இதே முழங்காலுக்காகப் பத்து நாளுக்குமேல் வராமல் இருந்தவன் அவன்.

முதல் இரண்டு மணி நேரம்

கசிவு தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் காரணி கொடுப்பது நல்லது என்பது மருத்துவர்களின் அறிவுரை. அதற்கு முன் பள்ளியில் செய்யக்கூடியவை இவை.

• மூட்டு அல்லது தசைக் கசிவு: நடக்கவிடாமல் உட்கார வைக்கவும். துணியில் சுற்றிய பனிக்கட்டியை 15 முதல் 20 நிமிடம் வைக்கவும். காலைச் சற்று உயர்த்தி வைக்கவும். தேய்க்கவோ, தைலம் போட்டு நீவவோ, உருவவோ கூடாது.

• மூக்கில் கசிவு: தலையைப் பின்னால் சாய்க்க வேண்டாம். சற்று முன்னால் குனிந்து உட்கார வைத்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து முதல் இருபது நிமிடம் விடாமல் அழுத்தவும்.

• பால்பல் விழுந்தால்: சுத்தமான பஞ்சுத் துணியை மடித்துக் கடிக்கச் சொல்லவும். கசிவு நிற்காவிட்டால் பெற்றோரை அழைக்கவும்.

• தலையில் அடி, கழுத்து அல்லது தொண்டை வீக்கம், கடும் வயிற்று வலி: வீக்கம் தெரிகிறதா என்று பார்த்துக் காத்திருக்கக் கூடாது. குழந்தை நன்றாகப் பேசினாலும் உடனே 108ஐ அழைத்து, காரணி இருப்பு உள்ள மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இங்கே முதலில் ஊசி, பிறகுதான் ஸ்கேன். மருத்துவமனையில் ஹீமோஃபிலியா என்பதை முதல் சொல்லாகச் சொல்லுங்கள்.

• ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் கசிவைக் கூட்டும். பெற்றோரைக் கேட்காமல் எந்த மாத்திரையும் தர வேண்டாம்.

கல்வியாண்டின் தொடக்கத்திலேயே பெற்றோரிடமிருந்து ஓர் அட்டை வாங்கி வைத்துக்கொள்ளலாம். குறைபாட்டின் வகை, கடுமை, இன்ஹிபிட்டர் உண்டா, இரத்த வகை, எடை, ஊசி போடும் நாள்கள், மருந்து கிடைக்கும் மருத்துவமனை, மூன்று தொலைபேசி எண்கள் ஆகியவை அதில் இருந்தால் போதும். ஒரு படி தலைமையாசிரியர் அறையில், ஒரு படி வகுப்பாசிரியரிடம், ஒரு படி உடற்கல்வி ஆசிரியரிடம் இருக்கட்டும்.

தடுப்பூசி நாளில்

10, 16 வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் போடும் டி.டி. தடுப்பூசி தசையில் போடப்படுவது. வரிசையில் நிற்கும் நூறு பேரில் ஒருவனுக்கு ஹீமோஃபிலியா என்பது ஊசி போட வரும் செவிலியருக்குத் தெரியாது. அவனை வரிசையிலிருந்து தனியே அழைத்து மருத்துவக் குழுவிடம் சொல்ல வேண்டியவர் வகுப்பாசிரியர். தடுப்பூசி வேண்டாம் என்பதல்ல. அவனுக்கும் அது தேவை. காரணி ஊசிக்குப் பிறகோ தோலுக்கடியிலோ எப்படிப் போடுவது என்பதை அவனுடைய மருத்துவர் முடிவு செய்வார்.

விளையாட்டும் தண்டனையும்

எதற்கும் வெளியே விடாமல் வகுப்பிலேயே உட்கார வைப்பது பாதுகாப்பு என்று தோன்றும். ஆனால் தசை வலுவிழந்தால் மூட்டுக்கு ஆதரவு குறைந்து கசிவு கூடும். நீச்சல், நடை, மிதிவண்டி, உடலுக்கேற்ற பயிற்சிகள் நல்லவை. கபடி, குத்துச்சண்டை போன்று மோதி விளையாடுபவை வேண்டாம். இடைப்பட்டவற்றை மருத்துவரைக் கேட்டு முடிவு செய்யலாம்.

கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009, எந்தக் குழந்தையையும் அடிப்பதைத் தடை செய்கிறது. முட்டி போட வைப்பதும் கையில் தட்டுவதும் இக்குழந்தைக்கு மருத்துவமனைப் படுக்கையாக முடியும். எந்தக் குழந்தையின் உடலுக்குள் என்ன இருக்கிறது என்பது நமக்குத் தெரியாது என்பதும் அச்சட்டத்தை மதிக்க ஒரு காரணம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, ஹீமோஃபிலியாவைக் குறைபாடுகளின் பட்டியலில் சேர்த்துள்ளது. பாதுகாப்பைக் காரணம் காட்டி இக்குழந்தைக்குச் சேர்க்கை மறுப்பதும், மாற்றுச் சான்றிதழ் வாங்கிப் போகச் சொல்வதும் முறையல்ல. முழங்கையில் கசிவு ஏற்பட்டவனால் மூன்று மணி நேரம் தொடர்ந்து எழுத இயலாது. பொதுத்தேர்வு எழுதும் மாணவனுக்கு விதிகளின்படி உள்ள சலுகைகளுக்கு, மருத்துவச் சான்றுடன் முன்கூட்டியே விண்ணப்பிக்க நாம் உதவ வேண்டும்.

மரபியல் பாடத்தில் ஒரு கவனம்

"தாய் கடத்துகிறாள்" என்ற வரி பாடத்தில் வெறும் அறிவியல். வீட்டிலோ அது பழிச்சொல். இப்பிள்ளைகளின் தாய்மார் பலர் குடும்பத்தில் அந்தப் பேச்சைச் சுமக்கிறார்கள். ஆகவே கட்டம் போடும்போது இன்னும் சிலவற்றைச் சேர்த்துச் சொல்வோம். எந்த எக்ஸ் போகும் என்பதை எந்தத் தாயும் தேர்ந்தெடுப்பதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்குக் குடும்பத்தில் முன்பு யாருக்கும் இல்லாமலே, புதிய மரபணு மாற்றத்தால் இது வருகிறது. பாதிக்கப்பட்ட தந்தையின் மகள்கள் அனைவரும் கடத்துபவர்கள். மகன்களுக்கு அவரிடமிருந்து இது வருவதில்லை. கடத்துபவரான பெண்களில் சிலருக்கே காரணி அளவு குறைந்து, மாதவிடாயில் அதிக உதிரப்போக்கு இருக்கும். அம்மாணவனின் அக்காவோ தங்கையோ நம் பள்ளியிலேயே படிக்கலாம். அவர்களையும் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்வது நல்லது.

இது தொற்றுநோய் அல்ல, உணவுக் குறையால் வருவதும் அல்ல, வயது ஏறினால் தானே போய்விடுவதும் அல்ல. ஆனால் உரிய நேரத்தில் ஊசி கிடைத்தால் இக்குழந்தைகள் எல்லாரையும் போலப் படித்து, வேலைக்குப் போய், குடும்பம் நடத்தலாம். மருந்தைக் கண்டுபிடிக்கும் வேலையை அறிவியல் செய்துவிட்டது. அதை இலவசமாகத் தரும் ஏற்பாட்டை அரசு செய்திருக்கிறது. காலை ஒன்பது மணியிலிருந்து மாலை நான்கு மணிவரை அந்தக் குழந்தையின் முகத்தையும் நடையையும் கவனிக்கும் வேலை நம்முடையது. இந்த வாரம் உங்கள் பள்ளிச் சேர்க்கைப் பதிவேட்டையும் மாணவர் உடல்நலக் குறிப்புகளையும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அப்படி ஒரு பெயர் இருந்தால், அந்த அம்மாவை அழைத்து அட்டையை நிரப்பத் தொடங்குங்கள்.